கெர்க்கென்னாவுக்குத் தனியாக

“தனியாவா?” என்று கேட்டாள் ரஃபீக்கா.

மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த இமெல்டா நாக்கைக் கடித்துக்கொண்டாள். மார்ச் விடுமுறைக்குக் கெர்க்கென்னா தீவுக்குப் போகிறேன் என்று சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். தனியாக என்ற சொல்லை யார் சேர்க்கச் சொன்னது?

“தனியான்னா, கூட ஒருத்தருமே இல்லாமலா?”

“மூணு நாள்தான் அக்கா.”

“மூணு நாளா.” ரஃபீக்கா கையிலிருந்த தலையணை உறையை மறுபடி வாளியிலேயே போட்டாள். “நாங்க உனக்கு என்ன குறை வெச்சோம்?”

ஒரு குறையும் வைக்கவில்லை. அதுதான் சங்கடமே. அயர்லாந்தின் லிமரிக் ஊரிலிருந்து அரபு பேசும் துறைமுக நகரமான ஸ்ஃபாக்ஸுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்து, ரஃபீக்காவின் மாடிப் போர்ஷனில் குடியேறி இரண்டு வருடமாகிறது. இந்த இரண்டு வருடத்தில் குளியலறையைத் தவிர வேறெங்கும் இமெல்டா தனியாக இருந்ததில்லை. குளியலறைக் கதவையும் ரஃபீக்கா தட்டுவாள். “வெந்நீர் வருதா கண்ணு?” சண்டைக்காரர்களின் முகத்தில் கதவைச் சாத்திவிடலாம். சுடச்சுட முட்டை போட்டுப் பொரித்த பிரிக் பலகாரத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு நிற்பவர்களின் முகத்தில் எப்படிச் சாத்துவது?

இந்த நேரம் பார்த்து லிமரிக்கில் அவள் படித்த பள்ளியிலிருந்தே போன் வந்தது. நிரந்தர வேலை இருக்கிறது, விடுமுறை முடிவதற்குள் பதில் சொல் என்றார்கள். போவதா, இருப்பதா? உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அதற்கு, ‘சாப்பிட்டியா’ என்று கேட்க ஆளில்லாத ஓர் இடம் வேண்டும். படகில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கெர்க்கென்னா. மார்ச் மாதத்தில் அங்கே பேரீச்ச மரங்களும் கடலும் காற்றும்தான் இருக்கும்.

இமெல்டாவுக்கு ஒரு பலவீனம் உண்டு. அவள் அரபு கற்றது ஊரில் புத்தகத்திலிருந்து. இங்கே வந்தபின் தெருப்பேச்சு ஓரளவு படிந்துவிட்டது. தக்காளிக்குப் பேரம் பேசுவாள், டாக்ஸிக்காரரிடம் முறைத்துக்கொள்வாள். ஆனால் மனசு பதறினால், நாக்கு ஓடிப்போய்ப் பழைய புத்தகத்துக்குள் ஒளிந்துகொள்ளும்.

“கவலை வேண்டாம் அக்கா. என் தோழி ஜலீலாவும் என்னுடன் பயணம் மேற்கொள்ளவிருக்கிறாள்” என்றாள்.

ரஃபீக்கா அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு படிக்கட்டுப் பக்கம் குனிந்து, கீழே காப்பி குடித்துக்கொண்டிருந்த கணவருக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“பாவம், பயந்துபோயிருக்கா. நியூஸ் வாசிக்க ஆரம்பிச்சுட்டா.”

ஜலீலா அதே மொழிப் பள்ளியில் பிரெஞ்சு நடத்துகிறவள். கோடையில் கல்யாணம். அவளுடைய போன் ஓய்வதே இல்லை. அம்மா, அக்கா, வரப்போகிற மாமியார், மாமியாரின் தங்கை என்று முறை வைத்துக்கொண்டு கூப்பிடுவார்கள். மறுநாள் ஆசிரியர் அறையில் அவளை ஓரம்கட்டினாள் இமெல்டா.

“யாராவது கேட்டா நீ என்கூட வர்றதா சொல்லிடு. ஆனா வராதே.”

“பொய் சொல்லச் சொல்றியா?”

“சின்னப் பொய்தான்டி.”

“ரஃபீக்கா அக்காவும் எங்கம்மாவும் ஒரே பார்லருக்குப் போறவங்க. சனிக்கிழமைக்குள்ள குட்டு உடைஞ்சிடும். அப்புறம், டீச்சரை அனாதையா விட்டுட்டுப் பொய் வேற சொன்னான்னு என் தலையைத்தான் உருட்டுவாங்க.” ஜலீலா நகத்தைக் கடித்தபடி யோசித்தாள். “பேசாம நான் நிஜமாவே வந்துடுறேன்.”

“வேண்டாம். உனக்குக் கல்யாண வேலை தலைக்கு மேல கிடக்கு.”

“கிடக்கட்டும். உனக்காக இதுகூடச் செய்யலைன்னா நான் என்ன சிநேகிதி?” அவளுடைய போன் அடித்தது. யாரென்று பார்த்துவிட்டு, எடுக்காமல் பைக்குள் குப்புறப் போட்டாள்.

இமெல்டா வேறு வழி பார்த்தாள். விடுமுறையில் வேலை வந்துவிட்டது என்று சொன்னால் பயணமே ரத்தாகும், ஜலீலாவும் விலகிக்கொள்வாள். ஓரிரு நாள் வகுப்பை முடித்துவிட்டுச் சத்தமில்லாமல் படகேறிவிடலாம். பள்ளியின் இயக்குநர் மொங்கியின் அறைக்குப் போனாள். அங்கே மேஜையில் இரண்டு போன்களும், எதிர் நாற்காலியில், மகன் ஏன் தேறவில்லை என்று கேட்க வந்த ஒரு தகப்பனாரும் எப்போதும் உண்டு. அன்று தகப்பனார் அப்போதுதான் எழுந்து போயிருந்தார்.

“ஐயா, விடுமுறைக் காலத்தில் எனக்கு ஏதேனும் வகுப்பு அளிக்க இயலுமா?”

மொங்கி பேனாவைக் கீழே வைத்தார். பதினைந்து வருடமாகப் பள்ளி நடத்துகிறார். விடுமுறையைக் குறைக்கச் சொல்லி ஓர் ஆசிரியரும் அவரிடம் வந்ததில்லை.

“மிஸ், வீட்டுல ஏதாவது பிரச்சினையா?”

“இல்லை ஐயா.”

“ரஃபீக்கா அக்கா ஏதாவது சொன்னாங்களா?”

“அவர் என்னிடம் மிகுந்த அன்பு பாராட்டுகிறார்.”

மொங்கியின் முகம் இளகிவிட்டது. “புரியுது மிஸ், சொல்லவே வேண்டாம். லீவு விட்டா எல்லாரும் குடும்பத்தோட இருப்பாங்க. நீங்க மட்டும் நாலு சுவரைப் பார்த்துக்கிட்டு இருக்கணும். அதுக்கு வகுப்பே தேவலைன்னு தோணுது, இல்லையா? ஜலீலா எல்லாம் சொன்னா. என் மச்சானோட வேன் சும்மாதான் நிக்குது. நானே ஓட்டிக்கிட்டு வர்றேன்.”

“நீங்களா சார்? உங்க வீட்டுல என்ன சொல்வாங்க?”

“என்ன சொல்வாங்க? மாமனார் வீட்டுக்குக் கூப்பிட்டாங்க. கடமை இருக்கு, வர முடியாதுன்னு சொல்லிடுறேன்.” ஒரு போன் அடித்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. “உங்களைத் தனியா விட்டா என் மனசு கேக்காது மிஸ்.”

செய்தி இமெல்டாவுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. ரஃபீக்கா வாசலிலேயே நின்றாள்.

“ரெண்டு பொண்ணுங்க, ஒரு ஆம்பளை, ஒரு வேன். ஊர் வாயை யார் மூடுறது? நானும் வர்றேன்.”

“அக்கா, லீவுக்கு உங்க பசங்க ரெண்டு பேரும் குடும்பத்தோட வர்றாங்களே. பேரப் பிள்ளைங்க அத்தனை பேரும் வருமே.”

“வரட்டும். அவங்க தாத்தாவுக்குக் கை காலெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒரு தடவை பொங்கிப் போடட்டும்.”

உள்ளே தாத்தா காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து நிற்பது தெரிந்தது.

இனி நோய்தான் துணை என்று இமெல்டா முடிவு செய்தாள். மறுநாள் காலையில் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு படுத்துவிட்டாள். ரஃபீக்கா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். திருப்தியில்லாமல் எதிர்ச் சாரிக்கு ஓடிப்போய் மருந்துக்கடை ஹெடியைக் கையோடு கூட்டிவந்தாள். ஹெடி மெலிந்த மனிதர். அவருடைய கடையில் ஒரு நாற்காலி உண்டு. தெருவிலுள்ளவர்கள் காலையிலிருந்து ஒருவர் மாற்றி ஒருவர் அதில் உட்கார்ந்து மூலத்தையும் மருமகளையும் பற்றி அவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஹெடி தெர்மாமீட்டரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“காய்ச்சல் இல்ல.”

“அப்படின்னா?” என்றாள் ரஃபீக்கா கவலையோடு.

“வெளியில இல்லைன்னா உள்ளுக்குள்ள இருக்குன்னு அர்த்தம். ஏக்கக் காய்ச்சல். ஊரை விட்டு வந்தவங்களுக்கு வரும். மிஸ், உங்களுக்கு என்ன செய்யுது?”

“உடல் சோர்வுற்றிருக்கிறது. பயணம் செய்ய இயலாத நிலையில் உள்ளேன்.”

ஹெடியும் ரஃபீக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “முத்திடுச்சு” என்றார் ஹெடி தாழ்ந்த குரலில். “கடல் காத்துதான் இதுக்கு மருந்து. பயணத்தைத் தள்ளிப்போடவே கூடாது. என்னைக்குக் கிளம்புறீங்க?”

“வியாழக்கிழமை.”

“இந்த நிலைமையில பக்கத்துல மருந்து தெரிஞ்ச ஒரு ஆள் இல்லாம அனுப்புறது தப்பு. நான் வர்றேன்.”

“உங்க கடை?” என்று போர்வைக்குள்ளிருந்து இமெல்டா கேட்டாள்.

“ஊர்ல வேற கடையே இல்லையா?” என்றார் ஹெடி. இரண்டு வருடமாக அவரைப் பார்க்கிறாள். அவ்வளவு சுறுசுறுப்பாக அவர் படியிறங்கிப் போனதை அன்றுதான் பார்த்தாள்.

வியாழக்கிழமை, விடியற்காலைத் தொழுகை அழைப்புக்கு முன்பே, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இமெல்டா படியிறங்கினாள். தெருமுனையில் டாக்ஸி பிடித்துத் துறைமுகத்துக்குப் போனாள். முதல் படகில் ஏறிவிட்டால், மற்றவர்கள் அடுத்த படகில் வருவதற்குள் தீவில் எங்காவது மறைந்துவிடலாம். யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கடலில் காற்று. காற்று தணியும்வரை படகு கிளம்பாது என்றார் டிக்கெட் கொடுப்பவர். கூண்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி அவளுடைய ஒற்றைப் பையைப் பார்த்தார்.

“தனியாவா?”

இமெல்டா பையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவர் எழுந்து வந்து தன் நாற்காலியை வெளியே போட்டு உட்காரச் சொன்னார். தன் காலைச் சாப்பாட்டைப் பிய்த்து, மீனும் காரமான ஹரிஸாவும் தடவிய ரொட்டியில் பெரிய பாதியை அவள் கையில் கொடுத்தார். வெயில் ஏறும்வரை, தன் தங்கையை இத்தாலியில் கட்டிக்கொடுத்த கதையைச் சொன்னார்.

படகின் இரும்புப் பலகை கீழே இறங்குகிற நேரத்தில் பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. மொங்கியின் மச்சான் வேன். கூரை மேல் மெத்தைகள், குஸ்குஸ் பானை, கேஸ் சிலிண்டர், மடக்கு நாற்காலி. வீடு மாற்றுகிறவர்கள்கூட அவ்வளவு கட்டமாட்டார்கள்.

ரஃபீக்கா வேன் முழுதாக நிற்பதற்குள் இறங்கி ஓடிவந்தாள். இமெல்டா கண்ணை மூடிக்கொண்டாள்.

“பார்த்தீங்களா என் பொண்ணை?” என்று ரஃபீக்கா மற்றவர்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள். “நமக்காக வரிசையில இடம் பிடிக்க இருட்டோட வந்து உட்கார்ந்திருக்கா.” பிறகு அவளைக் கட்டிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. “நாங்க வராமலே போயிடுவோமோன்னு பயந்துட்டியா கண்ணு?”

“ஆம் அக்கா” என்றாள் இமெல்டா. “மிகுந்த அச்சமுற்றேன்.”

படகில் அவளை நடுவில் உட்காரவைத்துச் சுற்றி அமர்ந்தார்கள். அவித்த முட்டை உரித்துக் கொடுத்தார்கள், ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார்கள். கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவள் பார்க்க வேண்டுமானால் மொங்கியின் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

தீவில் மொங்கியின் சிநேகிதர் ஒருவருடைய வெள்ளையடித்த வீடு, கரைக்குப் பக்கத்திலேயே இருந்தது. நிறைய அறைகள். இமெல்டாவுக்கு ஒரு நப்பாசை பிறந்தது. ரஃபீக்கா தன் மெத்தையைத் தூக்கிவந்து இமெல்டாவின் மெத்தைக்குப் பக்கத்தில் விரித்ததும் அது போய்விட்டது.

அவள் ஜன்னலைத் திறந்தால் குளிர் காற்று ஆகாது என்று ரஃபீக்கா சாத்தினாள். கிணற்றடிக்குப் போனால் ஹெடி ஸ்வெட்டரோடு பின்னால் வந்தார். மரத்தடியில் உட்கார்ந்தால் ஜலீலா வந்து சேர்ந்தாள்.

“என்ன யோசிக்கிற?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததை எதுக்கு யோசிக்கணும்? எழுந்து வா, சீட்டு ஆடலாம்.”

சீட்டாட்டத்தில் மொங்கி கூசாமல் ஏமாற்றினார். கையும் களவுமாகப் பிடித்தபோது, “இயக்குநர் நான்தானே?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், இமெல்டாவும்தான். சிரித்து முடித்ததும் லிமரிக் ஞாபகம் வந்தது. யோசிக்க வந்தவள் ஒரு வரிகூட யோசிக்கவில்லை. படுத்தபின் ரஃபீக்கா “தூங்கிட்டியா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், தூங்கிவிட்டேன் என்று அவள் பதில் சொல்லும்வரை.

மறுநாள் மதியம் கோதுமை ரவையில் கணவாய் போட்டுக் குஸ்குஸ் சமைத்தாள் ரஃபீக்கா. சாப்பிட்டு முடித்ததும் மொங்கி முதலில் கொட்டாவி விட்டார்.

“எனக்குக் கண்ணு சொக்குது. சாயங்காலம்வரை என்னை யாரும் எழுப்ப வேண்டாம்.”

“யாரும் யாரையும் எழுப்ப வேண்டாம்” என்றார் ஹெடி. “மத்தியானத் தூக்கத்தைக் கலைச்சா ரத்தம் கெட்டுப்போகும்.”

“எனக்குத் தலைவலி. கதவைத் தாழ் போட்டுக்குவேன்” என்றாள் ஜலீலா.

ரஃபீக்கா இமெல்டாவைப் படுக்கவைத்துப் போர்வையைத் தாடைவரை இழுத்துவிட்டாள். “நான் குறட்டை விடுவேன், உன் தூக்கம் கெடும். பின்னறையில போய்ப் படுக்கிறேன். நீ நல்லா தூங்கு கண்ணு. எழுந்திருக்கவே எழுந்திருக்காதே.” கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனாள்.

இமெல்டாவால் நம்ப முடியவில்லை. அசையாமல் கிடந்து காதைத் தீட்டிக்கொண்டாள். எங்கோ ஒரு கதவு முனகியது, கொல்லைப்பக்கம் ஒரு செருப்புச் சத்தம் கேட்டது, பிறகு வீடு அடங்கிவிட்டது. பாவம், நேற்று முழுக்க அலைந்த களைப்பு, அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறார்கள் என்று நினைத்தாள். இருந்தாலும் அவசரப்படவில்லை. நன்றாக ஆழ்ந்து தூங்கட்டும் என்று காத்திருந்து, ஜன்னல் வழியாக இறங்கினாள்.

கரையில் ஒரு ஈ காக்காய் இல்லை. முழங்கால் ஆழத்துக் கடலில், மீனை மடக்க நட்ட பேரீச்ச மட்டை வேலிகள் வெகுதூரம் போயின. மணலில் கவிழ்த்துப்போட்ட படகுகள், ஆக்டோபஸ் பிடிக்கும் மண்பானைகளின் குவியல்கள், சற்றுத் தள்ளி இடிந்த கோட்டைச் சுவர். ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டினாள். காற்றைத் தவிர வேறு சத்தமில்லை. கடைசியில் கிடைத்துவிட்டது.

முதலில் என்ன யோசிப்பதென்றே தெரியவில்லை. போர்வையை இழுத்துவிட்ட ரஃபீக்காவின் கை ஞாபகம் வந்தது. டிக்கெட்காரர் கொடுத்த பெரிய பாதி ரொட்டி ஞாபகம் வந்தது. இவர்களைவிட நல்லவர்களை அவள் பார்க்கப்போவதில்லை. ஆனால் நல்லவர்களுக்கு நடுவிலும் மனிதனுக்கு மூச்சுவிட இடம் வேண்டுமே. அப்படி ஒன்று தேவைப்படும் என்பதே இவர்களுக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து கும்பலிலேயே வாழ்ந்து, கும்பலிலேயே சந்தோஷப்படுகிறவர்கள். ஒரு மதியம் வாய் திறக்காமல் தன்பாட்டுக்கு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று இவர்களில் ஒருவருக்கும் ஆயுளில் தோன்றியிருக்காது. தோன்றாதவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? எத்தனை வருடம் பொய்யும் புத்தக அரபுமாக ஓட்டுவது?

நாளைக்கே லிமரிக்குக்குப் போன் செய்து, வருகிறேன் என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

முடிவு எடுத்ததும் பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்தாள். இறங்கவில்லை. சூடாக ஏதாவது குடித்தால் சரியாகும் என்று எழுந்தாள். கரையோரத்தில் மட்டை வேய்ந்த ஒரு கொட்டகையில் புகை தெரிந்தது. நரைத்த மீசைக்காரர் ஒருவர், கரி அடுப்பில் டீ கொதிக்கவைத்து, வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு டீ கிடைக்குமா?”

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “தனியாவா வந்தீங்க?”

“ஆமாம். தனியாத்தான்.” இந்தக் கேள்விக்கு நடுங்காமல், நல்ல தெருப்பேச்சில், முதல் தடவையாகப் பதில் சொன்னாள்.

“டீ இருக்கு. கிளாஸ்தான் இல்ல. இருந்ததையெல்லாம் தனியா வந்தவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க.”

“யாரு?”

மீசைக்காரர் வலை ஊசியால் சுட்டிக்காட்டினார். “அந்தப் படகுக்கு அந்தாண்டை ஒரு சார். பானைக் குவியலுக்குப் பின்னாடி ஒரு அக்கா. கோட்டைச் சுவர்கிட்ட போனை அணைச்சு மடியில வெச்சுக்கிட்டு ஒரு பொண்ணு. அதுக்கும் அப்பால, ஒல்லியா ஒருத்தர், சும்மா கடலையே பார்த்துக்கிட்டு. ஒருத்தர் வந்தது இன்னொருத்தருக்குத் தெரியாது.”

இமெல்டா ஊசி காட்டிய பக்கமெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

“ஆனா எல்லாரும் என்கிட்ட ஒரே மாதிரிதான் சொல்லிட்டுப் போனாங்க” என்றார் அவர், ஊசியை மறுபடி வலையில் கோத்தபடி. “‘எங்ககூட ஒரு வெளிநாட்டு டீச்சர் வந்திருக்கா, பாவம், அவளால ஒரு நிமிஷம் தனியா இருக்க முடியாது, அவளைச் சாக்கு வெச்சுத்தான் எனக்கு இந்த ஒரு மத்தியானமாவது கிடைச்சுது, தேடிக்கிட்டு வந்தா நான் இங்க இல்லைன்னு சொல்லிடு’ன்னு. அதனால, அவங்க யாரும் இங்க இல்லம்மா.”